மைனி கிள்ளிய துரும்பு

எந்தச் சண்டைக்கும் மைனியிடம் ஒரே மருந்துதான் இருந்தது. பிரித்துவிடுவது. புருஷன் பெண்டாட்டியா, அண்ணன் தம்பியா, பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களா, யாராக இருந்தாலும் சரி. நியாயம் யார் பக்கம் என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. "நியாயம் பேசி முடிக்க நாம என்ன சாமியாவே? ஆளுக்கொரு பக்கமாப் போங்க. சோலி முடிஞ்சுது" என்பாள்.

சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டை வழியாக ஜங்ஷன் போகிற காலை டவுன் பஸ்ஸில்தான் எனக்கு அவளைப் பழக்கம். நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். அவள் மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுபோகிறவள். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, உரத்த குரல். டிரைவர், கண்டக்டர், காலேஜ் பிள்ளைகள் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் அவள் மைனிதான். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற முறை அது. எந்த அண்ணன் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. அவள் பெயரும் எனக்குத் தெரியாது.

கீரைக் கட்டுகளை நாரால் கட்டமாட்டாள், வைக்கோலை முறுக்கிப் பிரியாக்கித்தான் கட்டுவாள். "பாத்தேளா, கட்டுறதுக்கும் பேரு பிரிதான்" என்று தானே சொல்லித் தானே சிரிப்பாள். அதே வேடிக்கையை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவாள். நாங்களும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்துவைப்போம். இல்லாவிட்டால் இன்னொரு முறை சொல்லுவாள்.

எங்கள் ஊரில் ஓர் அண்ணனும் தம்பியும் கிணற்று மோட்டாருக்காக அரிவாளைத் தூக்கிவிட்டார்கள். பக்கத்து வயலில் கீரை அரிந்துகொண்டிருந்த மைனி நடுவில் போய் நின்றாள். மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன்காரன் எதை எப்படிப் பிரிப்பது என்று திகைத்து நிற்க, மைனியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மோட்டாரு ஒரு பங்கு. கிணறு ஒரு பங்கு. சின்னவன் எதை வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும்." சின்னவன் மோட்டாரை எடுத்துக்கொண்டான். கிணறு இல்லாத மோட்டார் அவன் வீட்டு முற்றத்தில் கிடந்தது. மோட்டார் இல்லாத கிணறு அண்ணனுக்குக் கிடைத்தது. அந்தப் பருவம் இருவர் பயிரும் காய்ந்தது. நான் அதைச் சொல்லி மைனியைக் கேலி செய்தேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"பயிரு காஞ்சாக் காயட்டும்வே. ரெண்டு பேரு தலையும் கழுத்துல இருக்குல்லா?"

அதோடு என் கேலி முடிந்தது. அவளோடு பேசினால் பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

இந்தப் பிரிக்கிற புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவளே ஒருநாள் சொன்னாள். பஸ் பழுதாகி வழியில் நின்ற நாள் அது. இருபது வயதுக்குள் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், பாதி வழியில் இருக்கிற ஆலமரத்து நிறுத்தத்து ஊரில். புருஷன் கை நீட்டுகிறவன். அடி என்றால் சாதாரண அடி இல்லை. ஒரு தடவை அடித்ததில் ஒரு காது கேட்காமலே போய்விட்டது. பிறந்த வீட்டுக்கு ஓடிவந்தால், "கட்டுன கட்டு, நீதான் அனுசரிச்சுப் போவணும்" என்று அம்மா திரும்பக் கொண்டுபோய் விட்டாள். கடைசியில் மைனியே ஊர்க்கூட்டத்தில் போய் நின்று தீர்த்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்தக் காலத்தில் சில ஊர்களில் அதற்கு ஒரு முறை இருந்தது. பெரியவர்கள் முன்னால் புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளி இரண்டாக்கிப் போடுவான். அதோடு அவன் யாரோ, இவள் யாரோ.

"ஒரு துரும்புவே. கோர்ட்டு இல்ல, வக்கீலு இல்ல, ரத்தம் இல்ல. டக்குன்னு ஒரு சத்தம். அந்தக் கேக்காத காதுலயும் கேட்டுது எனக்கு. அன்னைக்குப் பிரியலேன்னா நான் இன்னைக்கு உமக்குக் கதை சொல்லிக்கிட்டு இருக்கமாட்டேன்."

இவ்வளவும் சொன்னவள், பாக்கியைச் சொல்லவில்லை. அதைக் கண்டக்டர் சுடலைதான் எனக்குச் சொன்னான். அன்றைக்கு அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பால் குடி மறக்காத பிள்ளை. அது தகப்பன் வீட்டோடு நின்றுவிட்டது. புருஷனின் அக்காள் எடுத்து வளர்த்து, பிறகு தன் மகனுக்கே கட்டிவைத்துக்கொண்டாள். அந்தப் பெண்தான் இசக்கி. ஆலமரத்து நிறுத்தத்தில் தினமும் நம் பஸ்ஸில் ஏறுகிற இசக்கி.

அதைக் கேட்ட பிறகுதான் மைனியின் மற்ற வழக்கங்கள் எனக்குப் புரிந்தன. மார்க்கெட்டுக்குச் சீக்கிரம் போக முந்தின பஸ் இருந்தது. அவள் அதில் போகமாட்டாள். இந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கீரைக் கூடையை வைத்துவிடுவாள். யாராவது கூடையை எடுக்கச் சொன்னால், "ஆளு வருது" என்பாள். ஆலமரத்து நிறுத்தம் வந்ததும் கூடை தானாகக் காலடிக்கு இறங்கிவிடும். இசக்கி ஏறுவாள். ஜங்ஷனில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. வேறு இடம் இருந்தால் அங்கே போய் உட்காருவாள். இல்லாத நாட்களில் மைனி பக்கத்தில் உட்காருவாள்.

பேசிக்கொள்ளமாட்டார்கள். "இன்னைக்கு என்ன கீரை?" என்று இசக்கி கேட்பாள். "தண்டுக்கீரை" என்பாள் மைனி. அவ்வளவுதான். ஊரையே வாயால் அடிக்கிறவள், அந்த ஒரு வார்த்தைக்குமேல் பேசமாட்டாள். ஒருநாள் அந்தப் பெண் களைப்பில் தூங்கி மைனியின் தோளில் சாய்ந்துவிட்டது. பாளை மார்க்கெட் வந்தது. மைனி இறங்கவில்லை. சுடலை வந்து தோளைத் தொடப் போனான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் பேசாமல் விசில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஜங்ஷன் வரை போய், கீரையெல்லாம் வாட, இன்னொரு பஸ் பிடித்து மார்க்கெட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள். மறுநாள், "கீரை வித்துச்சா மைனி?" என்று கேட்டேன். "கீரை கெடக்குவே" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

அப்போதுதான் தேர்தல் வந்தது. தேர்தலோடு அந்தப் பேச்சும் வந்தது. வடக்கு ஒரு நாடாகவும் தெற்கு ஒரு நாடாகவும் பிரிந்து போய்விட்டால் என்ன என்று யாரோ எங்கோ பேசிய பேச்சு எல்லோர் போனிலும் ஓடியது. எங்கள் பஸ்ஸிலும் ஓடியது. நான் பிரிக்கச் சொன்ன கூட்டம். இன்றும் அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் உரக்கடை அண்ணாச்சி. எதிர்க்கூட்டத்துக்குப் பட்டாளத்து அண்ணாச்சி. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"வரி நம்ம வரி. மொழி நம்ம மொழி. எதுலயாவது நம்மளைக் கேக்குதானா? பொறவு எதுக்கு ஒரே கூரையில கெடந்து சாவணும்?" என்பார் உரக்கடை.

"பனியில நின்னு காவல் காத்தவன் நான். எம் பக்கத்துல நின்னு செத்தவன் எந்த ஊர்க்காரன்னு நான் கேட்டேனா? உர மூட்டை மேல உக்காந்துக்கிட்டு நாட்டை வெட்டுதாம் பாரு!" என்பார் பட்டாளம்.

இரண்டு பேர் சொல்வதும் காதில் விழும்போது சரியாகத்தான் இருக்கும். அதுதான் கஷ்டம். ஒருநாள் பேச்சு முற்றி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, பட்டாளத்தின் கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. பெண்கள் சத்தம் போட்டார்கள். டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார். மைனி எழுந்தாள்.

"நிறுத்துங்கலே!" கீரைக் கட்டில் இருந்து ஒரு வைக்கோலை உருவினாள். எல்லோரும் பார்க்க அதை இரண்டாகக் கிள்ளிப் போட்டாள். "பிரிக்கணும்னு சொல்லுதவன் எல்லாம் முன்பாதியில உக்காரு. ஒண்ணா இருக்கணும்னு சொல்லுதவன் எல்லாம் பின்பாதிக்குப் போ. முன்வாசல் அவனுக்கு, பின்வாசல் இவனுக்கு. நடுக்கம்பிதான் எல்லை. இனிமே ஒரு பய வாயைத் திறக்கக் கூடாது."

நாடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திய கூட்டம்தான் முதலில் எழுந்து பின்னால் போனது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நாட்டையும் இப்படிப் பிரிச்சிரலாமா மைனி?" என்று கேட்டேன்.

"ஏன் பிரிக்கக் கூடாது? கட்டு கழுத்தை இறுக்குனா அத்துவிடத்தான் செய்யணும். இறுக்கம் தெரியாதவந்தான் அனுசரின்னு சொல்லுவான்."

சொல்லிவிட்டு முன்பாதியில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கூடை. பஸ் கிளம்பியது. ஆலமரத்து நிறுத்தம் வந்தது. கூடை காலடிக்கு இறங்கியது. இசக்கி வழக்கம்போல் முன்வாசலில் ஏறினாள். பின்னால் இருந்து ஒரு குரல், "இசக்கி, நம்மாளு எல்லாம் இங்கன" என்றது. அவளுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. அவள் புருஷன் வீட்டுக்கு உண்டு. ஒரு நிமிஷம் நின்றாள். மைனியைப் பார்த்தாளா, காலி இடத்தைப் பார்த்தாளா தெரியவில்லை. பிறகு கம்பியைத் தாண்டிப் பின்னால் போய்விட்டாள்.

மைனி கூடையைத் தூக்கித் திரும்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் சில நாள் பஸ்ஸில் அப்படி ஒரு அமைதி. அமைதி என்றால் நல்லது என்று நினைத்துக்கொண்டோம். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. முன்பெல்லாம் டிக்கெட் காசு கைக்குக் கை மாறிக் கண்டக்டரிடம் போகும், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். இப்போது கம்பியைத் தாண்டி எந்தக் கையும் வாங்காது. சுடலை நெரிசலில் முன்னும் பின்னும் அலைந்தான். "எனக்கு ஒரு பாஸ்போர்ட்டு எடுத்துக் குடுங்கவே" என்று புலம்பினான். எந்தப் பக்கமும் இல்லாதவர்கள் நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். இரண்டு பக்கமும் அவர்களைத்தான் அதிகம் திட்டியது. முன்பாதிக்குள்ளேயே இன்னொரு சண்டை முளைத்து, ஜன்னல் பக்கம் ஒரு கூட்டம், வழிப் பக்கம் ஒரு கூட்டம் என்று ஆனது. உரக்கடை அண்ணாச்சியின் தாயார் இறந்தபோது பின்பாதியில் இருந்து ஒருவரும் துட்டி கேட்கப் போகவில்லை. கண்ணாடி உடைத்துக்கொண்ட காலத்தில்கூட இவர்கள் ஒருவர் வீட்டு எழவுக்கு ஒருவர் போகாமல் இருந்ததில்லை. சட்டையைப் பிடிப்பதற்கும் பக்கத்தில் வர வேண்டும் அல்லவா? இப்போது அதுவும் இல்லை.

மைனிதான் முதலில் பொறுக்கமாட்டாமல் எழுந்தாள். "போதும்வே. பழையபடி உக்காருங்க. நாந்தான பிரிச்சேன், நானே சொல்லுதேன்."

பின்னால் இருந்து பட்டாளம் சொன்னார். "கிள்ளுன துரும்பை ஒட்டவைக்க முடியுமா மைனி? நீங்க சொன்னதுதான்."

முன்னால் எங்கள் கூட்டமும் அதையே சொன்னது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமையாக இருந்தது. மைனி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் யார் சண்டையிலும் தலையிட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்து இடத்துக்குக் கூடை வைப்பதை மட்டும் அவள் விடவில்லை. முன்பாதி ஆட்களே முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

இசக்கி உண்டாகியிருந்தாள். நாளாக நாளாக வயிறு தெரிந்தது. மைனி திரும்பிப் பார்க்காமலே டிரைவரின் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவாள். மருந்துக்கடை வேலையை நிறுத்திய பிறகு இசக்கி மாமியாரோடு ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் வருவாள். அந்த மாமியார், மைனிக்கு நாத்தனாராக இருந்தவள்.

ஒரு முகூர்த்த நாள். பின்பாதி பிதுங்கியது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கிழவிகள், கைப்பிள்ளைக்காரிகள். யாரோ கொஞ்சம் நகர்ந்து மாமியாருக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். மாமியாருக்கு முட்டுவலி. நிறைமாத வயிற்றோடு இசக்கி நின்றாள். முன்பாதியில் ஒரு இடம் காலியாக இருந்தது. மைனி பக்கத்து இடம். கூடை எப்போதோ காலடிக்குப் போய்விட்டது.

"இங்கன வந்து உக்காரு, தாயி" என்றாள் மைனி. குரல் வழக்கம்போல் இல்லை.

பின்னால் இருந்து மாமியார்தான் பதில் சொன்னாள். "அவ இங்கனேயே நிப்பா. அந்தப் பக்கத்து எடம் எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்."

பஸ் வளைவில் திரும்பியது. இசக்கி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மைனி எழுந்தாள். நெரிசலைப் பிளந்துகொண்டு நடுக்கம்பியைத் தாண்டினாள். "மைனி, எல்லையைத் தாண்டுதீய!" என்று ஒரு பயல் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"வாட்டீ. நிக்காத. கட்சியும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்."

இசக்கி நகரவில்லை. தாயை 'நீ' என்று கூப்பிடுகிற ஊர் எங்களுடையது. அவள் 'நீங்க' என்றுதான் ஆரம்பித்தாள்.

"நீங்க பிரிஞ்சு போனப்போ, நான் எந்தப் பக்கம்னு யாராவது கேட்டாவளா?"

பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. மைனி தலையை ஆட்டினாள். "கேக்கலட்டீ."

"நீங்க கேட்டீயளா?"

"உன்னய விட்டாத்தான் என்னய விடுவோம்னாவ." அதைச் சொல்லும்போது அவள் பார்வை இசக்கியிடம் இல்லை, மாமியாரிடம் இருந்தது. "பிரியலேன்னா எங்கூட நீயும் அங்கன கெடந்து செத்துருப்பட்டீ. இல்லேன்னா நான் செத்து நீ மட்டும் இருந்திருப்ப. எனக்கு வேற தெரியல."

மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை. இசக்கி அவளைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் அவளுக்கு வேறு என்னவோ சொல்லி வளர்த்திருக்கிறார்கள் என்பது அந்தப் பார்வையில் எனக்குத் தெரிந்தது. எனக்கு அந்தக் கிழவி மேலும் ஆத்திரம் வரவில்லை. ஒரு பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவள் அவள்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்கியது. சுடலை விசில் கொடுத்தான். இசக்கி தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இது பொறந்து பேச ஆரம்பிச்சா, உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடணும்?"

எதற்கும் சட்டென்று ஒரு பதில் வைத்திருக்கிறவள் வாயைத் திறக்கும் முன்பே மாமியார் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆச்சின்னு கூப்பிட நான் இருக்கேம்லா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னது போல் இருந்தது.

"ஆமா" என்றாள் மைனி. "நீதான் வளத்த. நீதான் ஆச்சி." அந்த முட்டுவலிக்காரி படியில் இறங்குவதற்கு அவள்தான் கை கொடுத்தாள். பிறகு இசக்கியின் பக்கம் திரும்பினாள்.

"முறை ஒண்ணும் வேண்டாம், தாயி. கூப்பிட்டாப் போதும்."